இலவச கரண்டும் ராத்திரி ஒண்ணரை மணியும்

"உங்களுக்குத்தான் கரண்ட் இலவசமாச்சே, அப்புறம் என்னங்க குறை?" டவுன்ல இருக்கற நண்பர்கள் யாரைப் பார்த்தாலும் கேக்கற கேள்வி.

இலவசம்தான், இல்லைங்கலை. 1990ல எல்லா விவசாயிக்கும்னு ஆச்சு. அதுவும் சும்மா வரலீங்க. 1970ல யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்துனதை எதிர்த்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல 3 விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. அதைவிடுங்க. வீட்டு பல்பு எரியற கரண்ட் வேற, என் 5 எச்.பி. மோட்டாருக்கு வேணுங்கற மும்முனை கரண்ட் வேற. அது முறை வெச்சுத்தான் வரும். எழுதிக் குடுத்த நேரம் பத்து மணின்னா, வர்றது ஒண்ணரைக்கு. கேட்டா "மேல இருந்து வந்த உத்தரவு"ம்பாங்க. அதுவரைக்கும் கொசுக்கடியில உக்காந்து மூணு பல்பையும் பாத்துட்டே இருக்கணும். இந்தத் தூக்கத்துக்கு யாருங்க பில் போடறது?

அதனாலதான் ஒரு அலாரம் செஞ்சேன். மோட்டார் ரூம்ல 230 வோல்ட் காயில் ரிலே மூணு, பேஸுக்கு ஒண்ணு, மறுமுனை நியூட்ரல்ல. மூணு ரிலேயோட காண்டாக்டையும் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்து, அதுல இருந்து சன்ன ஒயரை சாளை வரைக்கும் இழுத்து, 9 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும் வெச்சிருக்கேன். மூணு பேஸும் வந்தாத்தான் கத்தும். வரப்புல போற ஒயர்ல வெறும் 9 வோல்ட்தான், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ரூம் வேலையை மட்டும் மெயினை அணைச்சுட்டு, தெரிஞ்ச ஆளை வெச்சு செய்யுங்க. மொத்தச் செலவு ஆயிரத்தைத் தாண்டலை.

பழைய செல்போன் சார்ஜர் போதாதான்னு ஒரு தம்பி கேட்டாரு. போதாதுங்க. முறை இல்லாத நேரத்துல ஒரு பேஸ் முழுசாவும் மத்த ரெண்டு அரைகுறையாவும் இருக்கும். சார்ஜர் 100 வோல்ட்லயே வேலை செய்யும், நம்மளை ஏமாத்தி எழுப்பிவிட்டுரும். ரிலே அரை வோல்டேஜுக்கு இழுக்காது.

"ஆட்டோ சுவிட்ச் போட்டுட்டுத் தூங்குங்களேன்"னு அடுத்த யோசனை வரும். கரண்ட் வந்த நொடியில ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கற அத்தனை மோட்டாரும் ஒண்ணாக் கிளம்புனா பியூஸ் தாங்குமா? கிணத்துல தண்ணி வத்திருந்தா மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும், காயில் கட்ட ஆயிரக்கணக்குல ஆகும். மோட்டாரை மெஷின் போடும், சரி. வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்கு மடை மாத்தறது யாரு? மண்வெட்டியோட ஆள் நிக்கணுங்க. டார்ச் வெளிச்சத்துல, கட்டுவிரியன் நடமாடற நேரத்துல.

உங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் ராத்திரி ஒண்ணரைக்குத்தான் ஓடும்னா எத்தனை நாள் பொறுத்துப்பீங்க? நாங்க கேக்கறது பகல்ல கரண்ட். அது முடியாதுன்னா, சொன்ன நேரத்துக்காவது விடுங்க.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தனக்கும் ஒண்ணு வேணும்னுட்டாரு. அவரு சாளை தூரம், ஒயர் நூறு மீட்டராவது வாங்கணும்.