கூளையன் என்னும் பெயர்

நாவலொன்றைக் கையிலெடுக்குங்கால் நாம் முதலில் எதிர்ப்படுவது அதிலுள்ள மாந்தரையன்று, அவர்தம் பெயர்களையே. முகம் புலனாகுமுன் பெயரின் ஓசை காதில் விழுகின்றது. அவ்வோசை ஒன்றையே கொண்டு, இவன் மதிக்கத்தக்கவன், இவன் நகைக்கத்தக்கவன் என்று ஒருவாறு தீர்ப்பும் செய்து விடுகின்றோம். நம் நாவலாசிரியர் இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 1893-ஆம் ஆண்டு முதல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய ராஜமையர், அதில் வரும் தமிழ்ப் பண்டிதருக்கு ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று பெயரிட்டார். பண்டிதர் வாய் திறக்குமுன்னரே வாசகர் சிரிக்கத் தொடங்கி விடுவர். அச்சிரிப்பால் யாருக்கும் தீங்கில்லை. எல்லாச் சிரிப்பும் அத்தகையதன்று என்பதை நமக்குக் கற்பித்த நூலொன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அந்நூல் திரு. பெருமாள்முருகன் அவர்கள் எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கூளமாதாரி என்னும் நாவல். சேலத்திலிருந்து தெற்கும் மேற்குமாகச் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று விரிந்து கிடக்கும் மேட்டுக்காட்டுச் சமவெளியே அவருடைய கதைகள் பலவற்றின் நிலம். திருச்செங்கோட்டுக்கு அருகில் 1966-இல் பிறந்தவர் அவர். சோளமும் கடலையும் விளையும் காடுகள், வரப்போரத்துப் பனைகள், ஆட்டுப் பட்டிகள் ஆகியவற்றை அவர் எழுதும்போது, அவ்வழியே பேருந்தில் நாள்தோறும் வந்துபோகும் நம் மாணவர் பலருக்கு அவை சன்னலுக்கு வெளியே தெரிபவையாகவே இருக்கின்றன. 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் தனி மாவட்டமாகி விட்டதெனினும், நிலம் ஒன்றுதானே!

நம் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு மாலை இந்நாவலை எடுத்துக் கொண்டோம். நூலைத் திறக்குமுன், தலைப்பைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றுவது யாது என்று ஒவ்வொருவரையும் வினவினோம். தஞ்சைப் பக்கத்து நண்பரொருவர் வைக்கோற் கூளம் என்றார். குப்பையும் கூளமும் என்று சேர்த்துச் சொல்வதே அவர் அறிந்த வழக்கு. இலக்கியப் பயிற்சி மிக்க மாணவி ஒருவர், மதுரையிற் கண்ணகிக்கு அடைக்கலந் தந்த இடைக்குல மூதாட்டி மாதரியை நினைத்தார். ஆகவே இது ஒரு பெண்ணின் கதையாதல் வேண்டும் என்றார். இரண்டும் தவறு, ஆயினும் இரண்டும் இயல்பானவை. மாதாரி என்பது கொங்கு நாட்டில் அருந்ததியர் சமூகத்தாரைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிய 7 வகுப்புப் பெயர்களுள் அதுவும் உள்ளது. நாவலின் தலைவனோ கவுண்டர் ஒருவரின் பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவன். அவன் பெயர் கூளையன்.

பின்னர் நூலை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினோம். கூளையனுடன் மேய்ச்சற் காட்டில் திரியும் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன: நெடும்பன், வவுறி, செவிடி. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. கூளையன் என்றால் குள்ளன். யாப்பிலக்கணத்தில் முதல் மூன்று சீரும் ஒன்றி நான்காவது ஒன்றாது நிற்கும் தொடைக்குக் கூழை என்று பெயர். கூளை என்பது அக்கூழைக்கு உறவு போலும் என்று புலமை பேசியும் மகிழ்ந்தோம். நெடும்பன் நெட்டையன். வவுறு என்பது இப்பக்கத்தில் வயிறு. ஆகவே வவுறி யாரென்று சொல்ல வேண்டுவதில்லை. செவிடி என்பதற்கு உரை தேவையில்லை.

சிறிது தூரம் சென்ற பின்னர் பண்ணைக்காரரின் மகன் வந்தான். அவன் பெயர் செல்வன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று வினவிக்கொள்ளவும் நமக்குத் தோன்றவில்லை.

பெயர் என்பது அழைக்கப்படுவோனின் உடைமை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அதில் முதலில் ஒலிப்பது அழைப்போனின் குரலே. கூளையன் என்னும் சொல்லில் அச்சிறுவனின் அறிவோ விருப்பமோ யாதொன்றுமில்லை. திண்ணையில் அமர்ந்து அவனை ஏவுகின்றவரின் கண்ணுக்கு எட்டிய அளவே உள்ளது. அவன் உயரம் தெரிகின்றது, அவ்வளவே. வேலைக்கு ஆள் பார்ப்பவருக்கு அதற்குமேல் தெரிய வேண்டுவதில்லை. செல்வன் என்னும் பெயரிலோ உடலைப் பற்றிய பேச்சே இல்லை. பெற்றவர் தம் பிள்ளைக்கு விரும்பிய வாழ்வு இருக்கின்றது. ஆகவே, பெயர்களைக் கேட்டு நாம் சிரித்த கணத்தில் நம்மையறியாமலே அத்திண்ணையிற் போய் அமர்ந்து விட்டோம். கதை தொடங்குமுன்பே வாசகன் யார் பக்கம் நிற்கின்றான் என்பதை ஆசிரியர் பெயர்களைக் கொண்டே சோதித்து விட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

கூட்டத்தில் இதனை மறுத்துப் பேசிய அன்பர்களும் உண்டு. எளியோரைப் பற்றி இரக்கத்தோடு எழுதுகின்றவர் அவர்களுக்கு நல்ல பெயர்களைச் சூட்டியிருக்கலாகாதா என்று ஒருவர் கேட்டார். நல்லெண்ணத்தால் எழுந்த வினாவே. ஆனால் கூளையனுக்கு இளங்கோ என்றும் செவிடிக்குத் தேன்மொழி என்றும் பெயரிட்டிருந்தால், அப்பிள்ளைகளுக்கு வாழ்க்கையிற் கிடைக்காத ஒன்றைக் காகிதத்திற் கொடுத்து நம் மனத்தை ஆற்றியிருப்பார். வேறொரு நன்மையும் விளைந்திராது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது. பெயரிடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் எதுவும் வர இயலாது. மேலும், இந்நூலிற் பெயர்கள் ஓரிடத்தில் நிற்பனவல்ல. கவுண்டர் வாயில் ஏவலாக ஒலித்த அதே பெயர், ஆட்டைத் திருப்பச் சொல்லிக் காட்டின் மறுகோடியிலிருந்து தோழர் கூவும்போது நட்பாகி விடுகின்றது. நூறு பக்கங் கடந்த பின்னர் கூளையன் என்னும் சொல் நமக்கு உயரத்தை நினைவூட்டுவதே இல்லை. ஒரு பிள்ளையையே நினைவூட்டுகின்றது. இனிய பெயரொன்றை முதலிலேயே தந்திருந்தால் இம்மாற்றம் நிகழ இடமேது?

உடற்குறையைப் பெயராக்குவது தமிழருக்குப் புதிதன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம். சங்கப் புலவருள் ஐயூர் முடவனார் ஒருவர். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் மற்றொருவர். இருவர் பெயரிலும் முடம் இருக்கின்றது. எனினும் அவற்றைப் படிக்கும்போது எவரும் நகைப்பதில்லை. இன்று ஊரில் மொண்டி என்று அழைக்கப்படுபவனுக்கும் அவர்களுக்கும் உடலால் வேறுபாடு யாது? ஆர் என்னும் ஒரு விகுதிதான். அவ்விகுதியைக் கொடுப்பதும் மறுப்பதும் எப்போதும் பிறர் கையில் இருந்து வந்துள்ளது.

ஆங்கில நாவல்களைப் பாடமாகப் படிப்போர்க்கு டிக்கன்ஸின் ஆலிவர் துவிஸ்ட் நினைவுக்கு வரலாம். அனாதை விடுதியின் அலுவலர் பம்பிள், பிள்ளைகளுக்கு அகரவரிசைப்படி பெயர் வைக்கின்றார். முந்திய பிள்ளைக்கு எஸ் எழுத்திற் பெயர் வைத்தாயிற்று. ஆகவே இவன் டி எழுத்திற்குரிய துவிஸ்ட். அங்கும் பெயரிடுவது அதிகாரமே. ஆனால் ஆலிவருக்குப் பின்னே ஒரு குடும்பமும் ஒரு மரபும் மறைந்திருந்து கதை முடிவில் வெளிப்படுகின்றன. கூளையனுக்கு அவ்வாறு மறைந்திருக்கும் மரபு எதுவுமில்லை. தாய் தந்தையர் அடுத்த சேரியிலேயே இருக்கின்றனர். இருந்தும் அவன் பட்டியில் உறங்குகின்றான்.

இந்நாவலை வ. கீதா அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2004-இல் அது பனையின் பருவங்கள் என்று பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. தலைப்பிலிருந்து மாதாரி மறைந்ததில் நமக்குக் குறையுண்டு. பனை எவர் மனத்தையும் உறுத்தாது, சாதிப்பெயர் உறுத்தும், அவ்வுறுத்தலே தலைப்பின் வேலை. உள்ளே பெயர்களையும் மொழிபெயர்த்திருக்கின்றார்: கூளையன் ஷார்ட்டியாகவும், வவுறி பெல்லியாகவும், செவிடி ஸ்டோன்டெஃபாகவும் ஆயினர். இதனைப் பிழையென்போருடன் நாம் உடன்படோம். கூளையன் என்றே விட்டிருந்தால் அயல்நாட்டாருக்கு அது வெறும் ஓசையாகவே நின்றிருக்கும். அவர் சிரித்திருக்க மாட்டார். சிரித்ததற்கு வருந்தவும் மாட்டார். செல்வனை மட்டும் மொழிபெயர்க்காமல் செல்வனாகவே விட்டிருக்கின்றார். ஆங்கிலத்திலும் தமிழ்ப் பெயர் எஞ்சியது பண்ணைக்காரர் மகனுக்குத்தான். ஏனையோர் பெயர்களெல்லாம் வெறுஞ் சொற்களாயின. மூலத்திலும் கூர்மையாக இவ்வேறுபாடு அங்கே புலப்படுகின்றதென்றே நாம் கருதுகின்றோம்.

அன்று மாலை கூட்டத்திற் சிரிக்காதிருந்த மாணவர் ஒருவர் இருந்தார். கூட்டம் கலைந்த பின்னர் அவரே நம்மிடம் வந்து பேசினார். அவருடைய பாட்டனாருக்கும் இத்தகைய பெயரே. அதனை இங்கு எழுதோம். குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அதுவே இருக்கின்றதாம். பெயர் கேட்க வந்தவர்கள் உண்மைப் பெயரைச் சொல் என்று அதட்டியபோது, அதனையே மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்றாம். சென்ற ஆண்டு மாணவரின் தமக்கைக்குத் திருமணம் நிகழ்ந்தது. அழைப்பிதழில் தாத்தாவின் பெயரை எவ்வாறு அச்சிடுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. வேறொரு நல்ல பெயரைப் போட்டு விடலாம் என்றனர் சிலர். அப்படிப் போட்டால் யார் வீட்டுக் கல்யாணமென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது போகுமே என்று பாட்டனார் மறுத்து விட்டாராம். முடிவில் பழைய பெயரையே, முன்னே திரு என்றும் பின்னே அவர்கள் என்றும் சேர்த்து அச்சிட்டனர். முதியவருக்குப் படிக்கத் தெரியாது. அழைப்பிதழ் வந்த அன்று பேரனைப் பக்கத்தில் இருத்தி, அவ்வரியை மட்டும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.