முகவரியும் மறைய வேண்டுமா?

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, அதாவது குடிநோயாளிகள் தம் அடையாளத்தை வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு, கட்டணம் எதுவும் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேர்வதற்குரிய தகுதி. ஆயினும் உறுப்பினரின் மானத்தைக் காக்கும் அந்த மறைவே, புதிதாக வர விரும்புபவருக்குக் கூட்டம் நடைபெறும் இடம் தெரியாமற்போகவும் காரணமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்திவருகிறது. அதன் கடைக்கு வழி கேட்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை, மீள்வதற்கான வழியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உறுப்பினரின் பெயர் மறைக்கப்படலாம். குழுவின் முகவரி மறைய வேண்டியதில்லை என்பதால், அருகில் குழு கூடும் இடத்தையும் நேரத்தையும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதிவைப்பது, மது விற்கும் அரசு செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமையாகும்.