நின்று கேட்ட ஆண்டவர்



பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். மருத்துவர் பலரிடம் சென்று கைப்பொருள் முழுவதையும் செலவிட்டும் நோய் முற்றியதே மிச்சம். அன்றைய மருத்துவம் அவரது நோயை அறியவில்லை. இன்றைய மருத்துவம் பெண்களின் நோயை முழுமையாக அறிந்திருக்கிறதா?

மாரடைப்பு ஆண்களுக்கு வருவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் உலகில் பெண்களின் உயிரை அதிகம் பறிப்பவை இதய, இரத்தநாள நோய்களே. ஆய்வாளர்களும் நெடுங்காலம் ஆண்களையே பார்த்தார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்களே. அவர்களிடம் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்தது. பின்னர் ஏறத்தாழ 40,000 பெண்களுக்குக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் கொடுத்துப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். 2005இல் முடிவு வெளியானது: முதல் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை, பக்கவாதம் 17 விழுக்காடு குறைந்திருந்தது. ஆணுக்குக் கிடைத்த பலனைப் பெண்ணுக்கும் அப்படியே எதிர்பார்க்க முடியாது என்பது தெளிவாயிற்று.

இக்குறையைப் போக்க 1991இல் ஒரு பெருமுயற்சி தொடங்கியது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநரான இதயநோய் மருத்துவர் பெர்னடின் ஹீலி இதற்கு வித்திட்டார். 40 மையங்கள் கைகோத்தன. 50 முதல் 79 வயது வரையுள்ள 1,61,808 பெண்கள் தங்களை ஆய்வுக்கு அளித்தார்கள். மாதவிடாய் நின்றபின் கொடுக்கப்படும் ஹார்மோன் மருந்து இதயத்தைக் காக்கும் என்று அன்று பரவலாக நம்பினார்கள். இரு ஹார்மோன்கள் சேர்ந்த மருந்து மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுவதாக 2002இல் தெரியவந்தது. 65 வயதைக் கடந்தவர்களிடம் மறதிநோயின் ஆபத்தும் கூடியதை 2003இல் கண்டார்கள். தொடங்கும் வயதைப் பொறுத்து ஆபத்து மாறும் என்பதையும் தொடர்ந்த ஆய்வுகளே காட்டின. இதயத்தையும் மூளையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற பாடமும் இதில் உண்டு.

இத்தகைய ஆய்வின் வட்டார மையங்களுக்கு நிதியை நிறுத்தப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபின் சில நாள்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பும் ஓர் அறிவிப்பில் நின்றுபோகக்கூடும் என்பது கவலைக்குரியது. ஒருமுறை பணம் ஒதுக்கினால் போதாது. பல நிறுவனங்கள் சேர்ந்து, பல ஆண்டுகள் பொறுமையோடு தாங்க வேண்டும்.

யாயிரின் மகள் சாகும் நிலையில் கிடந்தாள். அந்த அவசரத்திலும் ஆண்டவர் நின்றார். தம்மைத் தொட்டவர் யார் என்று கேட்டார். அப்பெண் தன் உண்மை முழுவதையும் சொல்லும்வரை செவிமடுத்தார். நல்ல ஆய்வும் இப்படி நின்று கேட்பதுதான்.

நம் இல்லங்களில் நாம் நிற்கிறோமா? மூச்சுத்திணறல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத களைப்பு ஆகியவை பெண்களுக்கு மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். "ஒன்றுமில்லை, வேலை அதிகம்" என்று அம்மா சொன்னால் நாமும் விட்டுவிடுகிறோம். பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள், உலக நோயாளர் தினம். அன்று நோயுற்றோருக்காகச் செபிக்கும்போது, நம் வீட்டுப் பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்போம். பதில் வரும்வரை நிற்போம்.