கொழுந்து பறித்தவர் கணக்கு

மாதுங்கா ரயில் நிலையத்தருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நம்மவர் ஒருவர் கூறிய சொல் இன்னும் என் செவியை விட்டு அகலவில்லை. "வெளியிலிருந்து வந்தவர்களையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டால் இந்நகரம் உருப்படும், சார்" என்றார். தாராவியில் பிறந்து செம்பூரில் வீடு வாங்கியவர்! 1966இல் சிவசேனை தோன்றியபோது இதே சொல் நம் தந்தையர்மீது எறியப்பட்டதை மறந்தார். கையிலிருந்த தேநீரின் வரலாற்றையும் மறந்தார்.

அன்பர்களே, இலங்கை மலையகத்தை எண்ணிப் பாருங்கள். காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு திருத்த வெள்ளையர் நம் மாவட்டத்து ஏழைகளை அழைத்துச் சென்றனர். அவர்கள் பறித்த கொழுந்தே அந்நாட்டின் அந்நியச் செலாவணிக்குத் தலையூற்று. அப்பணத்தைக் கொண்டன்றோ வெளிநாட்டு அரிசி கப்பலேறி வந்து, கொழும்புக் குடும்பங்களின் பங்கீட்டு அரிசியாயிற்று! சோறு ஈட்டித் தந்தவரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1973, 74இல் உணவு அருகியபோது கடும் பட்டினியில் வீழ்ந்து மடிந்தவரும் அத்தோட்ட மக்களே.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்குப் பழகிய நடையிலேயே அமைந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் பார்த்தார்கள், பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சரக்குப் பட்டியலில்கூட 'உடையும் பொருள்' என்றொரு குறிப்பு இருக்கும். இதில் அதுவும் இல்லை.

தலைமன்னாரில் உறவை விட்டுக் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர் பலர், நீலகிரியில் மீண்டும் தேயிலைச் செடியருகிலேயே நிறுத்தப்பட்டனர். அங்கே 'இந்தியாக்காரன்' எனப்பட்டவன் இங்கே 'சிலோன்காரன்' ஆனான். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

"சட்டத்தை நடத்த வேண்டாவா?" என்பீர்கள். நானும் அரசின் சம்பளம் உண்பவன்தான். ஆனால் 2011இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் குடியேறிகளை விரட்டக் கடுஞ்சட்டம் இயற்றியதும், பறிக்க ஆளின்றிக் காய்கனிகள் வயலிலேயே அழுகின. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பிப் பார்த்தனர். பலர் அரைநாளில் ஓடிவிட்டனர். இருந்தும் 2025இல் கலிபோர்னிய வயல்களுக்குள் காவலர் புகுந்தனர். கை வேண்டும், ஆள் வேண்டா என்பதே எங்கும் பேச்சு.

அன்று அந்த நண்பருக்கு நான் விடை கூறவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. தேநீர் தந்த பீகார் இளைஞன் எதிரிலேயே நின்றான். அவருக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான்.