எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நண்பர்களுக்கு நினைவிருக்கும். நடப்புச் சாம்பியனான பிரான்சை செனகல் 1-0 என்று தோற்கடித்தது. பிரான்சுக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நம்மூர் வீடுகளில் அன்று சாயங்காலம் பேச்சு மூச்சில்லை. ஜெயித்த செனகல் வீரர்களில் அநேகமாக எல்லோரும் பிரெஞ்சுக் கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான். டக்காரிலும் அபிஜானிலும் தெருவில் பந்து உதைக்கிற பையனுக்கு ஆசை வர இது போதாதா?

அந்த ஆசையை வைத்துப் பிழைக்கத் தரகர்கள் இருக்கிறார்கள். கிளப்பில் ‘எசே’ இருக்கிறது, அதாவது ஆளை ஆடவைத்துப் பார்க்கும் செலக்‌ஷன் இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்வார்கள். பெற்றோர் கடன் வாங்கி, நிலத்தை விற்றுப் பணம் கொடுப்பார்கள். பையன் சுற்றுலா விசாவில் பாரீஸ் போவான். அங்கே ஒரு லாட்ஜில் விட்டுவிட்டுத் தரகர் மறைந்துவிடுவார். கிளப்புக்குப் போய்க் கேட்டால், இப்படி ஒரு பையன் வருவதே அவர்களுக்குத் தெரியாது. இப்படித் தவித்த பையன்களுக்காகவே கேமரூனின் முன்னாள் வீரர் ஜான்-க்ளோத் எம்வூமேன் 2000-இல் ‘ஃபுட் சொலிடேர்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். செனகலில் பிறந்த எழுத்தாளர் ஃபத்து தியோம் 2003-இல் வெளியிட்ட ‘அட்லாண்டிக்கின் வயிறு’ நாவலிலும் இப்படிப் போய்ச் சீரழிந்த ஒரு பையன் வருகிறான். பிரெஞ்சு படிப்பவர்கள் தேடிப் படிக்கலாம்.

18 வயது ஆகாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக்கூடாது என்று ஃபிஃபா 2001-இல் விதி போட்டது. சில விலக்குகள் உண்டு. விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014-இல் தண்டனை கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு வீரர் மாற்றக் காலங்களில் (டிரான்ஸ்ஃபர் விண்டோ) புது வீரர்களைப் பதிவு செய்ய முடியவில்லை. நல்ல விதிதான். ஆனால் பொய்க் கடிதத்தோடு வந்த பையன் எந்தக் கிளப்பின் பதிவேட்டிலும் இல்லையே. யாரைத் தண்டிப்பது?

ஆகவே பிடிக்க வேண்டிய இடம் விசா என்பது என் கருத்து. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அக்கம்பக்கத்தார் ஷெங்கன் விசாப் படிவத்தை என்னிடம் எடுத்து வருவதுண்டு. பயணத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விக்குக் கீழே சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்த்தல் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அதில் ‘விளையாட்டு’ என்றும் ஒரு கட்டம் உண்டு. தரகர் அந்தப் பக்கமே போகமாட்டார், சுற்றுலாவில்தான் டிக் போடச் சொல்வார். விளையாட்டு என்றால், யார் கூப்பிட்டது என்று கேள்வி வரும் அல்லவா?

பிரான்சில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போன நம்மவர்களுக்கு ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ தெரியும். பிள்ளை தன் ஊர் மேரிக்குப் போய், வருகிறவரைத் தன் வீட்டில் தங்கவைக்கிறேன், அவரால் முடியாவிட்டால் தங்கும் செலவையும் ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டி, அந்தக் காகிதத்தை அனுப்ப வேண்டும். பெற்ற தாயைக் கூப்பிடவே இத்தனை பொறுப்பு என்றால், பதினெட்டு வயதுப் பையனைக் கடல் தாண்டிக் கூப்பிடும் கிளப்பும் அதே பொறுப்பை ஏற்கட்டும். எத்தனை நாள், எங்கே தங்குவான், திரும்பும் டிக்கெட் யார் செலவு என்று எழுதி, மேரியில் பதிவு செய்யட்டும். அப்படிப் பதிவு செய்த காகிதத்துக்குத் தனியாக ஒரு செலக்‌ஷன் விசா கொடுக்கட்டும். பிரிட்டனில் விசா விதியிலேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்: பார்வையாளராக வரும் வீரர் செலக்‌ஷனில் ஆடலாம், ஆனால் காசு கொடுத்துப் பார்க்க வந்த கூட்டத்தின் முன் கூடாது. படித்தவுடன் யாருக்கும் புரிகிறது.

காகிதம் கூடினால் ஏழைப் பையனுக்குத்தானே கஷ்டம், சின்னக் கிளப்புகள் கூப்பிடாமலே விட்டுவிடும் என்று சிலர் சொல்லலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் நான் சொல்லும் காகிதத்தைப் பையன் தேட வேண்டியதில்லை, கிளப் தேட வேண்டும். ஒரு பையனுக்கு மூன்று வாரம் சோறும் படுக்கையும் தர முடியாத கிளப், அவனைக் கூப்பிடாமல் இருப்பதே அவனுக்கு நல்லது.

ஆப்பிரிக்கப் பையன்களுக்கு விசாவே கொடுக்காதே என்போரும் உண்டு. அதை நான் ஒப்பமாட்டேன். நேர்வழியை அடைத்தால் தரகரின் கட்டணம்தான் ஏறும். அரசு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இது: எந்த விண்ணப்பத்துக்கு விதி தெளிவாக இல்லையோ, அதற்குத்தான் வாசலில் புரோக்கர் கூட்டம் அதிகம். விதியைத் தெளிவாக எழுதிச் சுவரில் ஒட்டிய பிரிவுகளுக்கு ஜனங்கள் தாங்களே வந்து போனார்கள்.

ஆடத் தெரிந்தவனை ஆடவைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவன் தாயிடம் திருப்பி அனுப்புங்கள். அதற்குக் கையெழுத்துப் போடும் கிளப்புக்கு மட்டும் விசா கொடுங்கள்.