கைதட்டலுக்கு எத்தனை புள்ளி?

கொஞ்சம் நீளமான பதிவு. கலைவிழாவுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திய தாய்மாரும், முன்வரிசையில் இருந்து பார்த்த பெரியவர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அண்மையில் ஒரு மீலாத் கலைவிழாவில் நாங்கள் மூவர் நடுவர்களாக இருந்தோம். மூவரும் ஆசிரியர்கள். கிராஅத், பேச்சு, கஸீதா, நகைச்சுவை, நாடகம், றபான் என்று 17 நிகழ்ச்சிகள். குரலுக்கு இவ்வளவு, உச்சரிப்புக்கு இவ்வளவு என்று புள்ளித்தாள் தந்தார்கள். கடைசி வரி: ‘பார்வையாளர் வரவேற்பு – 20’.

முதலிடம் ஒரு குழுப் பாடலுக்குப் போனது. ஒரே நிற உடுப்பு, அழகான அசைவு. ஆனால் பாடியது பென் டிரைவ். பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்தார்கள். மண்டபம் அதிர்ந்தது; நாங்களும் 20க்கு 19 போட்டோம். அதற்கு முன் இரண்டு பொடியன்கள் றபானோடு பக்கீர் பைத் படித்தார்கள். நடுவில் ஒருவனுக்கு வரி மறந்துபோனது. மற்றவன் உடனே அந்த வரியை எடுத்துக் கொடுக்க, தாளம் விடாமல் முடித்தார்கள். அவர்களுக்குக் கடைசிக்கு முதலிடம்.

வெளியே வந்தபோது வயதான மாமா ஒருவர் எங்களை நிறுத்தினார். “சேர், அந்தப் பொடியன் பிழைவிட்டாலும் அது அவன்ட குரல். முதலாம் பரிசு குடுத்தீங்களே, அது ஆருடைய குரல்?” என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் பதில் இல்லை.

வென்ற பிள்ளைகளில் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் வாரக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். பிழை எங்கள் தாளில்தான் இருந்தது. கைதட்டல் என்பது பல நேரம் மண்டபத்துக்கு எத்தனை சொந்தக்காரர் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. அதற்கு 20 புள்ளி வைத்தால், பெரிய குடும்பத்துப் பிள்ளை ஓட்டம் தொடங்க முன்னமே 20 அடி முன்னே நிற்கிறது.

“சனம் ரசிப்பதுதானே கலை?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களுக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லாமல், மேடையிலேயே ஒருவரோடு ஒருவர் மோதி இரவு முழுக்க நடிப்பார்கள். நோட்டீசில் அவரவர் பெயரும் படமும் இருக்கும். அங்கே சனம்தான் நடுவர். பிடித்தவரை மறுபடியும் அழைப்பார்கள், பிடிக்காதவரை விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தச் சனம் பாட்டை அறிந்த சனம்.

எங்கள் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து வந்த நாடகக் குழுக்களின் வழியாகக் கொட்டகைக் கூத்து இங்கே வேரூன்றியது. அதைத்தான் பிறகு இசை நாடகம் என்றார்கள். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகப் பாடுவதைக் கேட்க ஊர் ஊராகச் சனம் விடியும்வரை இருந்தது. கதை எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அவர் எப்படிப் பாடப்போகிறார் என்று கேட்கத்தான் வந்தார்கள். ‘பார்த்ததுதானே’ என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. ரசிகர்களுக்குக் காது பழகியிருந்தது. அப்படிப் பழகிய சபையின் கைதட்டலுக்கு 20 என்ன, 50 புள்ளியும் கொடுக்கலாம்.

எங்கள் சபைக்கு அந்தப் பழக்கம் ஏன் அறுந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் எங்கள் தெருக்கள் வெறுமையாகின. களிகம்பு அடித்தவர், றபான் சொல்லிக்கொடுத்தவர், பைத் படித்தவர் எல்லோரும் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறினார்கள். பலர் அங்கேயே மௌத்தாகிவிட்டார்கள். திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர பக்கத்து வீட்டில் ஆளில்லை. யூடியூப்தான் இருக்கிறது. அதனால்தான் பென் டிரைவ் மேடையேறுகிறது. இந்த நிலையில் சொந்தக் குரலில் படிக்கத் துணிந்த இரண்டு பொடியன்களை நாங்கள் அடியில் போட்டால், அடுத்த வருடம் றபானை யார் கையில் எடுப்பார்கள்?

இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற வாதம் வேறு. அதை ஆலிம்களிடம் விடுவோம். மேடையில் ஏற்றிய பிறகு நீதியாகப் புள்ளி போடுவதுதான் எங்கள் பொறுப்பு. ஆகவே விழாக் குழுவினரிடம் சில வேண்டுகோள்கள்.

ஒன்று, பதிவு செய்த பாட்டுக்கு அசைவதைத் தனிப்பிரிவாக வையுங்கள். அதிலும் திறமை உண்டு. ஆனால் பாடுகிறவனோடு அதை ஒரே தராசில் போடாதீர்கள்.

இரண்டு, கைதட்டலுக்கு 5 புள்ளிக்கு மேல் வேண்டாம்.

மூன்று, சொந்தப் பிள்ளையோ மருமகனோ மேடையேறினால் நடுவர் அந்த நிகழ்ச்சிக்குக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

நான்கு, முதலில் வருகிற பிள்ளைக்கு நாங்கள் கையை இறுக்கிப் புள்ளி போடுகிறோம். தேநீர் குடித்த பிறகு தாராளமாகிறோம். இது எங்கள் பலவீனம். முதல் மூன்று நிகழ்ச்சிகளின் புள்ளியை முடிவில் மீண்டும் பார்க்க நேரம் தாருங்கள்.

ஐந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுப்போம். எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று. புள்ளி மட்டும் கொடுத்தால் பிள்ளை எதையும் படிக்காது என்பது ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த பாடம். வகுப்பில் செய்வதை மேடையில் மறந்துவிட்டோம்.

பரிசைத் திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஆனால் அந்த இரண்டு பொடியன்களையும் கண்டு பேசினோம். வரியை எடுத்துக் கொடுத்தவனிடம், “அடுத்த வருசமும் படிப்பியா?” என்று கேட்டோம். “பார்ப்பம் சேர்” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அந்தப் ‘பார்ப்பம்’ எங்களை இன்னும் உறுத்துகிறது.

பழைய பைத்துகளும் களிகம்புப் பாட்டுகளும் நினைவில் உள்ள பெரியவர்கள் இருந்தால், எந்த ஊரில் இருந்தாலும், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களே வீடு தேடி வருகிறோம், இன்ஷா அல்லாஹ். அதில் எங்களுக்கும் கொஞ்சம் காது பழகும்.

வஸ்ஸலாம்.