அரிவாளான செங்குழியம்

ஒரு துளிக் குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கின், செங்குழியங்கள் நடுவே குழிந்த வட்டத் தட்டுக்களாய்த் தோன்றும். ஆயின், 1904ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், கிரெனடாத் தீவிலிருந்து பல் வைத்தியம் பயில வந்த மாணவர் ஒருவரின் குருதியில், வைத்தியர் ஏணஸ்ற் அயன்ஸ் கண்டவற்றுட் சில அரிவாள்போல் வளைந்திருந்தன. மூத்த வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் இதனை 1910இல் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார்.

இவ்வளைவுக்குக் காரணம் யாது? ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் வேறுபட்டிருத்தலே என லைனஸ் போலிங் குழுவினர் 1949இல் நிறுவினர். அதன் பீற்றாச் சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களுள் ஆறாவது ஒன்றே மாறியிருப்பது பின்னர் தெளிவாயிற்று. ஒட்சிசன் குறையுமிடத்து இவ்வீமோகுளோபின் நீண்ட இழைகளாய்த் திரண்டு செங்குழியத்தை வளைக்கின்றது. வளைந்தவை நுண்குழாய்களை அடைக்கப் பொறுத்தற்கரிய நோவு உண்டாகும். 120 நாள் வாழவேண்டிய செங்குழியம் 20 நாளளவில் அழிவதால் குருதிச்சோகையும் தொடரும்.

இக்குறையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கே இந்நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாயிருப்பர். கடும் மலேரியாவிலிருந்து காப்பும் பெறுவர். ஆபிரிக்காவில் இக்குறை நிலைத்தமைக்குக் காரணம் இதுவே. நீலகிரி மலைவாழ் மக்களிடையும் இது 1952இல் கண்டறியப்பட்டது.

அவ்வாறு நலமாயுள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கிலொன்று. இலங்கையிற் காணப்படும் தலசீமியாவும் இவ்விதியையே பின்பற்றுவது. ஆதலின், சாதகப் பொருத்தம் நோக்கும் நாம் குருதிப் பரிசோதனையையும் உடன் நோக்குதல் பிறக்கப்போகும் பிள்ளைக்குச் செய்யும் முதல் உதவியாகும்.